தூரத்து மெமரி

நவம்பர் 3, திங்கள்

இன்றைக்கும் புது மெஷினைப் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. ஏதோ சந்நிதிக்குள் நுழைவது போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவர், “இது என்னம்மா பண்ணும்?” என்று கேட்டார். எங்கே எவ்வளவு மழை பெய்தது, அணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று கொடுத்தால் எந்த ஊருக்குள் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும், இந்த வெள்ள முன்னறிவிப்பு மையமே அதற்காகத்தான் இருக்கிறது என்றேன். ஒன்று போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். பதினொரு நிமிடத்தில் முடிந்தது. கை தட்டினார்கள். மழையே இல்லாத நாளில் பதினொரு நிமிடம். இதில் கைதட்ட என்ன இருக்கிறது?

என் எரிச்சல் அவர்கள்மேல் இல்லை. போன வெள்ளிக்கிழமை இணை இயக்குநர் கோதண்டராமன் சாரிடம் நான் கேட்டது ஒரே ஒரு முழுமழைச் சோதனை. புரோகிராம் நிலப்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. சாதாரண நாளில் ஆற்றுக்குள் இருக்கும் கட்டங்களை மட்டும்தான் கணக்கிடும். வயலும் ஊரும் காய்ந்த கட்டங்கள். அவற்றைத் தாண்டிப் போய்விடும். பெருமழையில்தான் எல்லாக் கட்டமும் நனைந்து, மெஷின் தன் மெமரி முழுவதையும் தொட்டு வேலை செய்ய வேண்டிவரும். பழைய மழை ஒன்றைக் கொடுத்து ஓட்டிப் பார்க்க அரைநாள் போதும். யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, பார்வையாளர்கள் வரும் நேரத்தில் மெஷின் பிஸியாக இருந்தால் நன்றாக இருக்காது என்றார். திறப்பு விழா முடிந்த கையோடு பழைய மெஷினைக் கழற்றி அனுப்பியவரும் இவர்தான்.

இதற்கு நடுவில் நான் செய்த வேலை ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒரே மழையை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு விடை வந்துகொண்டிருந்தது. ஆறு வாரமாக நான்கு பேர் தேடினோம். கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். ஆரம்பத்தில் எல்லாக் கட்டங்களுக்கும் தொடக்க அளவை எழுதும் இடத்தில், அந்த வேலையை எல்லா ப்ராசஸருக்கும் பங்கு போடும் வரி ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, ஒரே ப்ராசஸர் வரிசையாக எழுதும்படி வைத்தேன். விடை ஒன்றாகிவிட்டது. நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது.

காபி மெஷின் பக்கத்தில் ஜெபஸ்டின் பிடித்துக்கொண்டார். சர்வர் அறையைப் பராமரிக்கும் ஒப்பந்த ஊழியர், நாகர்கோவில்காரர், எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார். “மேடம், ஒரு மெயில் போட்டிருந்தேன், பாத்தியளா?” என்றார். பார்க்கிறேன் என்றேன். இருநூறு மெயில் கிடக்கிறது.

மிக்ஸி ஜார் மறுபடி ஒழுகுகிறது.

நவம்பர் 7, வெள்ளி

துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. இவர் நனைந்த குடையைச் சோபாவில் வைக்கிறார். இருபது வருடமாகச் சொல்கிறேன்.

நவம்பர் 12, புதன், காலை 8.20

வெள்ளக் கணக்கு ரன் இன்னும் முடியவில்லை. 6.10க்குப் போட்டது. நாற்பது நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். அறுபது சதவீதத்தில் நகர்கிறது. வெளியே கொட்டுகிறது.

9.05

எழுபத்தொன்பது. நிறுத்தி மறுபடி போடலாமா என்று கோதண்டராமன் சார் மூன்று தரம் கேட்டுவிட்டார். நிறுத்தினால் முதலிலிருந்து வர வேண்டும் என்று மூன்று தரமும் சொன்னேன்.

9.50

முடிந்துவிட்டது. புளியந்தாங்கலுக்குள் தண்ணீர் 8.40க்கு வரும் என்று சொல்கிறது.

நவம்பர் 13, வியாழன்

பேப்பரில் ஐந்தாம் பக்கம். புளியந்தாங்கல் செங்கல் சூளையில் வேலை செய்த அஞ்சலாட்சி, வயது முப்பத்து நான்கு. கொட்டகையில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளை அவிழ்க்கத் திரும்பிப் போனாராம். சூளையில் இருந்த மற்ற பதினேழு பேரும் செங்கல் அடுக்கின்மேல் ஏறிப் பிழைத்துக்கொண்டார்கள். முன்னறிவிப்பு ஏன் வரவில்லை என்று கீழே ஒரு வரி.

ஏழு மணிக்குச் சொல்லியிருந்தால் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்திருக்கும். ஆட்டையும் ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம்.

காலையில் கோதண்டராமன் சார் எல்லோரையும் கூட்டினார். கடைசியாக மெஷினில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். பத்தாம் தேதி ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்ததாக ஜெபஸ்டின் சொன்னார். யாரைக் கேட்டுச் செய்தாய் என்றேன். வழக்கமான அப்டேட்தான், வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத்தான் செய்தேன் என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. எழுந்து நின்றேன்.

“மழைக்காலத்துல மெஷின்ல கை வைக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு? ஒரு பொம்பள செத்துப் போயிருக்கா. அவ வீட்டுல போய் வழக்கமான அப்டேட்னு சொல்லு, போ.”

பதினான்கு பேர் இருந்தார்கள். அவரை நான் அதுவரை ஒருமையில் பேசியதில்லை. “மேடம், நான் அனுப்பின மெயில்ல...” என்று ஆரம்பித்தார். மெயில் கதையெல்லாம் வேண்டாம் என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

ஜெபஸ்டினை விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரை அனுப்பியிருந்த நிறுவனம் அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. சர்வர் அறையின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். சரியான நடவடிக்கைதான். யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

அப்டேட்டை எடுத்துவிட்டுப் பழைய சிஸ்டத்தையே போட்டோம். பன்னிரண்டாம் தேதி மழையை அப்படியே கொடுத்து ஓட்டினேன். மூன்று மணி முப்பத்தோரு நிமிடம். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் அப்டேட் காரணமில்லை. மெஷின் விற்றவர்களின் வேலை. அவர்களுடைய இன்ஜினியரை போனில் பிடித்தேன். சின்ன வயதுக் குரல், பெங்களூரிலிருந்து. உங்கள் டேட்டா எந்த ப்ராசஸரின் மெமரியில் இருக்கிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டார். பதினாறு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், உங்கள் மெஷினைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். விற்கும்வரை சார், மேடம். விற்ற பிறகு நம்மையே குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

அளந்து பார்த்தேன்.

மெஷினில் நான்கு ப்ராசஸர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்கென்று ஒரு பங்கு மெமரி. புரோகிராமுக்கு நான்கும் சேர்ந்து ஒரே மெமரியாகத்தான் தெரியும். ஆனால் தூரம் தூரம்தான். ஒரு ப்ராசஸர் தன் பக்கத்து மெமரியிலிருந்து ஓர் எண்ணை எடுக்க 95 நானோசெகண்டு ஆகிறது. இன்னொரு ப்ராசஸரின் மெமரியிலிருந்து எடுக்க 230. நான்கும் ஒரே மெமரியை ஒரே சமயத்தில் கேட்டால் வரிசையில் நின்று நின்று ஆயிரத்தைத் தாண்டுகிறது.

எந்த எண் எந்த மெமரியில் உட்காரும் என்பது, அதை முதன்முதலில் எந்த ப்ராசஸர் எழுதுகிறது என்பதைப் பொறுத்தது. எழுதிய ப்ராசஸரின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். எங்கள் புரோகிராமில் தொடக்க அளவுகள் எல்லாவற்றையும் ஒரே ப்ராசஸர் எழுதுகிறது. ஆகவே எல்லாக் கட்டங்களும் முதலாவது மெமரியில் குவிந்துவிட்டன. மற்ற மூன்று மெமரியும் காலி. பெருமழை வந்து எல்லாக் கட்டமும் நனைந்ததும், மூன்று ப்ராசஸர்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் தூரத்து மெமரிக்குப் போய்க் காத்துக் கிடந்திருக்கின்றன. காய்ந்த நாளில் வேலை கொஞ்சம் என்பதால் இது கண்ணில் பட்டிருக்காது.

முன்பு தொடக்க அளவை எல்லா ப்ராசஸரும் பங்குபோட்டு எழுதும்படி ஒரு வரி இருந்தது. அது அக்டோபர் 30 அன்று நீக்கப்பட்டிருக்கிறது.

பழைய மெயில்களையும் பார்த்தேன். தலைவலி. மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

மிக்ஸி ரிப்பேர்க்காரன் புது வாஷர் போட்டேன் என்று சொல்லிப் பழையதையே போட்டுக் கொடுத்திருக்கிறான். கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். இந்த ஊரில் ஒருவனுக்கும் தான் செய்த வேலைமேல் ஒரு பொறுப்பு கிடையாது.

நவம்பர் 21, வெள்ளி

விசாரணை. ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் சுந்தரவடிவேல் தலைவர், உடன் இரண்டு பேர். பத்தாம் தேதி அப்டேட் நடந்ததா என்று கேட்டார்கள். நடந்தது என்றேன். எழுத்துமூலமான அனுமதி இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். காரணம் முழுவதும் தெரிந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். இருபது நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

வெளியே பெஞ்சில் ஜெபஸ்டின் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எதற்கு எழுந்து நிற்க வேண்டும்? எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் செய்ய வேண்டும். இவரிடம் பேசவில்லை, மூன்று நாளாக. அவர் ஒன்றும் செய்யவில்லைதான்.

நவம்பர் 26, புதன்

புரோகிராமைச் சரிசெய்துவிட்டேன். எந்தக் கட்டத்தை எந்த ப்ராசஸர் பிறகு கணக்கிடுமோ, அதே ப்ராசஸர் அதன் தொடக்க அளவையும் எழுதும்படி வைத்தேன். விடை மாறிக்கொண்டிருந்ததற்கு உண்மையான காரணம் வேறோர் இடத்தில், எண்களைக் கூட்டும் வரிசையில் இருந்தது; வரி போனதில் அது வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. அதையும் திருத்தினேன். அந்த வரியைத் தொட வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி மழை. முப்பத்து நான்கு நிமிடம்.

6.10 உடன் முப்பத்து நான்கைக் கூட்டினால் 6.44.

கோதண்டராமன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், எந்த வரி, எந்தத் தேதி, யார் என்பது உட்பட. கதவைச் சாத்தினார். தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

“இங்க பாருங்க செண்பகவல்லி. நீங்க நிரந்தர ஊழியர். இன்னும் பதினேழு வருஷம் சர்வீஸ் இருக்கு. அந்தத் தம்பி கான்ட்ராக்ட்ல இருந்தவரு, இங்க இல்லன்னா நாளைக்கு இன்னொரு இடம். கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தாச்சு. நாம எதுக்கு அதைக் கலைக்கணும்?”

நாம் என்றார். முழுமழைச் சோதனை கேட்டேனே என்றேன். எழுத்தில் கேட்டீர்களா என்றார். இல்லை. ஜெபஸ்டின் விஷயத்தில் கமிட்டி கேட்ட அதே கேள்வி.

நவம்பர் 28, வெள்ளி

கமிட்டிக்குப் போக வேண்டிய எங்கள் மையத்தின் அறிக்கையைக் கையெழுத்துக்காக என் மேசையில் வைத்திருந்தார்கள். அனுமதியின்றிச் செய்யப்பட்ட சிஸ்டம் மாற்றங்களால் தாமதம் நேர்ந்தது என்று இருந்தது. அதற்கடுத்த பத்தியை இங்கே அப்படியே எழுதுகிறேன்: “முதுநிலை விஞ்ஞானி திருமதி கு. செண்பகவல்லி அவர்களின் அயராத முயற்சியால் குறைபாடு கண்டறியப்பட்டுச் சீர்செய்யப்பட்டது. அவரது பணி பாராட்டத்தக்கது.”

ஆறு வாரம் தேடியதை ஒருவரும் பாராட்டவில்லை என்று புலம்பினேன் அல்லவா. இதோ வந்துவிட்டது பாராட்டு.

அறிக்கையை இரண்டாகக் கிழித்தேன். நான்காகக் கிழித்தேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். கோதண்டராமன்மேல் கோபம், அந்தப் பத்தியை எழுதியவன்மேல் கோபம், குனிந்து குப்பை பொறுக்க வந்த ஆள்மேலும் கோபம். நானே பொறுக்கிக்கொள்கிறேன் என்றேன்.

இந்த நோட்டையும் இன்றைக்குப் பின்னாலிருந்து முன்னால் படித்தேன். ‘நீக்கப்பட்டிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத என் சொந்த நோட்டில், என் கையால். யாருக்குப் பயந்து? அஞ்சலாட்சி என்ற பெயரைப் பதின்மூன்றாம் தேதிக்குப் பிறகு ஒருமுறைகூட எழுதவில்லை. ‘பழைய மெயில்களையும் பார்த்தேன்’ என்பதற்குமேல் அந்த மெயில் பற்றி ஒரு சொல் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்த வரியை நீக்கியது நான். ஜெபஸ்டினின் மெயில் அக்டோபர் 31, மாலை 4.12க்கு வந்தது. ஒரு படம், நான்கு தூண்கள். முதல் தூண் உச்சிவரை, மற்ற மூன்றும் தரையோடு. கீழே இரண்டே வரி. “மேடம், நேத்துலேருந்து முதல் மெமரி மட்டும் நிறையுது, மத்த மூணும் சும்மா இருக்கு. பெரிய மழை வர்றதுக்குள்ள ஒருதடவை பாத்துடுங்க.” சுற்றி வளைத்துப் பேசுவார் என்று எழுதினேனே. இதைவிட நேராக எப்படிச் சொல்வது?

அதைப் படித்துவிட்டுத்தான் மூன்றாம் நாள் விசாரணையில் உட்கார்ந்து ‘ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது’ என்றேன்.

இவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், “அந்தப் பையனுக்கு முதல்ல போன் பண்ணு. கமிட்டி அப்புறம்” என்றார்.

நவம்பர் 29, சனி

காலை பத்து மணிக்கு போன் செய்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் பஸ் ஸ்டாண்டு சத்தம்.

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, உங்களை அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியது அதைவிடப் பெரிய தப்பு, செவ்வாய்க்கிழமை கமிட்டியில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் கேட்டார்.

“என் மெயில எப்ப படிச்சிய மேடம்?”

பதினெட்டாம் தேதி என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்கலாம், நேற்று என்று சொல்லியிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

“அப்ப பதினோரு நாளு,” என்றார். “இருவத்தொண்ணு அன்னைக்கு என்னத் தாண்டிப் போனியளே, அப்பவும் தெரியும்.”

ஆமாம் என்றேன்.

“அம்மா சர்ச்சுக்குப் போறதையே விட்டுட்டா மேடம். எல்லாரும் கேக்காவளாம், உன் மவனாலதான் அந்தப் பொம்பள செத்தாளான்னு.”

குரலை உயர்த்தவே இல்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். பஸ் வருது என்று சொல்லி வைத்துவிட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்ல வேண்டும்?

டிசம்பர் 2, செவ்வாய்

எழுதியதை நான்கு பிரதி எடுத்துக் கொடுத்தேன். கோதண்டராமன் சார் வாசலில் தடுத்து, ஒரு நாள் பொறுங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார். பொறுத்தது போதும் என்று உள்ளே போனேன்.

சுந்தரவடிவேல் கண்ணாடியை மாற்றிக்கொண்டு முழுவதையும் வாசித்தார். மெமரி எப்படி இரண்டு தூரமாகும் என்று கேட்டார். தாளில் நான்கு கட்டம் போட்டு விளக்கினேன். ஆறும் மதகும் பார்த்த மனிதர், உடனே புரிந்துகொண்டார். முழுமழைச் சோதனையை யார் மறுத்தது என்று கேட்டார். சொன்னேன். வற்புறுத்தினீர்களா என்றார். இல்லை, எரிச்சல்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன் என்றேன்.

பிறகு மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

“பதினெட்டாம் தேதியே எனக்குக் காரணம் தெரியும், இருபத்தொன்றாம் தேதி மறைத்தேன்னு எழுதியிருக்கீங்க. இது இல்லாமலே உங்க கடிதம் முழுசாத்தான் இருக்கு. இதை நாங்க கேக்கவே இல்லையேம்மா.”

“நீங்க கேக்கல சார். ஜெபஸ்டின் கேட்டாரு.”

அவர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு ஃபைலை மூடினார்.

டிசம்பர் 8, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. ஜெபஸ்டின்மேல் ஒரு தவறும் இல்லை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறார்கள். அவர் வரவில்லை. நாகர்கோவிலிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்துவிட்டாராம், மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். உத்தரவின் நகலை அவர் அம்மா பெயருக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். கூடவே கடிதம் எழுத நினைத்து மூன்று தாளைக் கசக்கினேன். கடைசியில், இது உங்கள் சர்ச்சில் வாசித்துக் காட்டத்தக்கது, எழுதியவள் தவறு செய்தவள் என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

கோதண்டராமன் சாருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதே நாற்காலி, அதே அறை. எனக்கு எச்சரிக்கையோடு இடமாற்றமும், கணக்கீட்டுப் பிரிவிலிருந்து பயிற்சி ஏடுகள் தயாரிக்கும் பிரிவுக்கு. என் புரோகிராமைத் திறக்க எனக்கே அனுமதி இல்லை. எனக்குக் கிடைத்தது சரி. அவருக்குக் கிடைத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

டிசம்பர் 11, வியாழன்

விடியற்காலை நாலு மணியிலிருந்தே மழை. சமையலறையில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்கு முன்பென்றால் இந்நேரம் ஆபீஸில் இருந்திருப்பேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் கூடாது.

6.52க்கு எல்லோருக்கும் வருவதுபோல எனக்கும் கைப்பேசியில் வெள்ள எச்சரிக்கை வந்தது. ஏழு ஊர்ப் பெயர்கள். நான்காவது புளியந்தாங்கல், தண்ணீர் வரும் நேரம் 9.15, மேட்டுக்குச் செல்லவும்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். எட்டரைவரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. புளியந்தாங்கல் ஊராட்சி அலுவலகத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். ஒருவர் மூச்சு வாங்க எடுத்தார். சூளையில் இருப்பவர்கள் வெளியே வந்துவிட்டார்களா என்று கேட்டேன்.

“ஏழரைக்கே எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாச்சும்மா. ஆடு மாடெல்லாம்கூட ஓட்டியாந்தாச்சு. நீங்க யாரு பேசறது?”

பெயரைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்ட பெயராக இல்லை. சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.